ஏழாம் வகுப்பின் பன்னிரண்டாவது பிள்ளை

விமலேஸ்வரி ரீச்சரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏழரைச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். முல்லைத்தீவுப் பக்கத்து வாத்திமார் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அதில் அரைவாசி பொறாமை, அரைவாசி உண்மை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரான வித்தியாதரிசி பரிசோதனைக்கு வரப்போகும் பள்ளிக்கூடங்களுக்கு மூன்று கிழமை முந்திப் போய் அவற்றை நிமிர்த்திவிடுவதுதான் வட்டாரக் கல்விக் கந்தோர் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. கூரை ஒழுகினால் ஊரைக் கூட்டி வேய்விப்பாள். பாடக்குறிப்பு எழுதாத வாத்தியாரைப் பக்கத்தில் இருந்து எழுதவைப்பாள். மலகூடத்துக்குக் குழி வெட்டி முடியும்வரை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை இரவல் எடுத்து வாங்குப் பலகைகளை நிரப்புகிற வேலை மட்டும் அவளிடம் நடக்காது. பொய்க்கால் கட்டின பள்ளிக்கூடம் எத்தனை நாளைக்கு நடக்கும் என்று கேட்பாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு வைகாசியில் அவளைக் கருங்காலிக்குளத்துக்கு அனுப்பினார்கள். விசுவமடுவிலிருந்து காட்டுப் பாதையில் உள்ளே போகவேண்டிய ஊர். காடு வெட்டிக் கழனியாக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சனங்கள். பள்ளிக்கூடம் அரைச்சுவர் வைத்த இரண்டு கொட்டில்கள்தான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஆறையும் ஏழையும் தற்காலிக அனுமதியில் நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பரிசோதனையில் தேறினால் எட்டாம் வகுப்பு கிடைக்கும். தவறினால் ஆறும் ஏழும் போய் மறுபடி ஐந்தாம் வகுப்புப் பள்ளிக்கூடம்.

பெடியங்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. சைக்கிளில் ஏறி முள்ளியவளைப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். யானை நிற்கிற பாதை என்று பெண்பிள்ளைகளை ஒருவரும் விடமாட்டார்கள். அவர்களுக்கு ஐந்தாம் வகுப்புக்கு அடுத்த வகுப்பு குசினி அடுப்படிதான்.

கந்தோர் போட்ட நிபந்தனைகளில் எல்லாவற்றையும் விமலேஸ்வரி மூன்று கிழமையில் முடித்துவிட்டாள். ஒன்றுதான் அவள் கையில் இல்லை. பரிசோதனை நாளில் ஏழாம் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் நேரில் இருக்கவேண்டும். இடாப்பில் பெயர் இருந்தால் போதாது, வாங்கில் இருக்கவேண்டும். அந்த வகுப்பில் இருந்ததோ சரியாகப் பன்னிரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கதை முடிந்தது. ஆகவே மூன்று கிழமையாக அந்தப் பன்னிரண்டு பேரையும் அவள் கோழி அடைகாத்த மாதிரிக் காத்தாள். மரத்தில் ஏறாதே, குளத்தில் குளிக்காதே, பச்சை மாங்காய் தின்னாதே என்று அவர்களை அரித்துத் தின்றாள்.

பரிசோதனைக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை காலை இராசமலர் பள்ளிக்கு வரவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அதுவும் இராசமலர். அந்த வகுப்பிலேயே கணக்கு ஓடுகிற பிள்ளை அவள்தான். குரலும் நல்ல குரல்.  இடைவேளை மணி அடிக்கும்வரை பொறுக்காமல் விமலேஸ்வரி குடையை எடுத்துக்கொண்டு பிள்ளையின் தகப்பன் ஐயாத்துரையின் காணிக்கு நடந்தாள்.

ஐயாத்துரை ஊரில் இல்லை. வருகிற திங்கட்கிழமை அம்மன் கோவில் பொங்கல். அதற்குத் தங்கச்சியைக் கூட்டிவரச் சாவகச்சேரிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி அன்னபாக்கியம் வேலிப் படலையைத் திறக்காமல் படலைக்கு உள்ளேயே நின்றாள். மற்ற நாட்களில் ரீச்சரைக் கண்டால் கதிரை தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவள்.

"பிள்ளைக்கு என்ன, காய்ச்சலோ?"

"இல்லை ரீச்சர்."

"பிறகு?"

அன்னபாக்கியம் அக்கம்பக்கம் பார்த்தாள். வீட்டு மூலை அறையின் யன்னலில் பழைய சேலை ஒன்று மறைப்பாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் விமலேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள்.

"எப்ப?"

"காலமைதான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவர் வியாழக்கிழமை மச்சாளைக் கூட்டிக்கொண்டு வந்திடுவார். மாமிக்காரி வந்துதானே முதல் தண்ணி வாக்கவேணும். அதுவரைக்கும் பிள்ளை மூலையிலை இருக்கட்டும்."

வேறு ஒரு நாளாக இருந்தால் விமலேஸ்வரி சந்தோஷமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்கு அவள் மனதில் ஓடியது பதினொன்று என்ற எண் மட்டும்தான். அவள் படலையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னபாக்கியம், நாளைக்கு ஒரு நாள். ஒரேயொரு நாள் அவளைப் பள்ளிக்கு விடுங்கோ."

அன்னபாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரீச்சர், நீங்களும் ஒரு பொம்பிளைதானே. என்ன கேக்கிறியள் எண்டு விளங்கித்தான் கேக்கிறியளோ? ஆம்பிளை முகம் பாக்கக்கூடாத நேரம். அதுவும் அம்மாளின்ரை மாசம். ஊரே விரதம்."

"விளங்கித்தான் கேக்கிறன். நாளைக்கு அவள் வராட்டி வகுப்பிலை பதினொரு பேர். இன்ஸ்பெக்டர் எண்ணிப் பாத்திட்டுப் போயிடுவார். எட்டாம் வகுப்பு வராது, ஏழாம் வகுப்பும் போயிடும். முள்ளியவளைக்கு அனுப்புவியளோ நீங்கள்?"

"அவர் விடமாட்டார்."

"அப்ப உங்கடை பிள்ளை மூலையிலையிருந்து எழும்பிப் போற இடம் குசினி. அவளோடை இந்த ஊர்ப் பொம்பிளைப் பிள்ளையள் எல்லாருக்கும் அதுதான்."

உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அம்மா, நான் போறன்."

"நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு," என்றாள் தாய். ஆனால் அவள் குரலில் கோபம் முழுதாக இல்லை. படலையின் கம்பை நகத்தால் சுரண்டினாள். பிறகு, சந்தையில் விலை பேசுகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கோவில் வீதியாலை வரமாட்டாள், குளக்கட்டாலை சுத்தி வருவாள். விளக்குத் தொடக்கூடாது. தண்ணிப்பானை தொடக்கூடாது. கடைசி வாங்கிலை ஒரு ஓரமா இருப்பாள்."

"சரி."

"பெரிய வாத்தியாருக்குத் தெரியக்கூடாது, ரீச்சர். அந்த மனிசன் கோவில் பொங்கலுக்கு மடைப்பண்டம் எடுக்கிற ஆள். தெரியாமல் தீட்டுத் துடக்குப் பட்டால் அம்மாள் பொறுத்துக்கொள்ளுவா. தெரிஞ்சு பட்டால் விரதம் போச்சு."

"தெரியாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

திரும்பி நடக்கும்போதுதான் விமலேஸ்வரிக்குத் தான் செய்த வேலையின் அழகு தெரிந்தது. நாளைக்குக் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு இராசமலர். தேவாரம் பாடுவதற்கு இராசமலர். வித்தியாதரிசிக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் இராசமலர். மூன்று கிழமையாக இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழக்கினவளும் விமலேஸ்வரிதான். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி.

தலைமை வாத்தியார் வீரகத்தியிடம் அன்று பின்னேரமே மாற்றத்தைச் சொன்னாள். விமலேஸ்வரி தங்கியிருந்ததே அவருடைய வீட்டில்தான். காடு வெட்டின வருடத்திலிருந்து ஒவ்வொரு வைகாசியிலும் விரதமிருந்து, பொங்கலுக்கான மடைப்பண்டத்தைத் தலையில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோகிறவர் அவர். அந்த மாதம் முழுக்க ஒருநேரச் சாப்பாடு, பிறர் வீட்டுத் தண்ணீர்கூட வாயில் படாது. மெலிந்த மனிதர், இன்னும் மெலிந்திருந்தார். ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் விரதம் அவரைத் தளர்த்தவில்லை.

"விளக்கு ஜெகதீஸ்வரி கொளுத்தட்டும் சேர். இராசமலருக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

"தொண்டைக்கும் விளக்குக்கும் என்ன ரீச்சர்? வாறவர் ஹமீட் சேர். அவரை விளக்குக் கொளுத்தச் சொல்லிச் சங்கடப்படுத்தாமல், மேல்வகுப்பிலை கெட்டிக்காரப் பிள்ளை கொளுத்தட்டும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான். இப்ப மாத்துவம்."

வீரகத்தி அரைமனதாகச் சரி என்றார். அவர் மனைவி நாகேஸ்வரி கொண்டுவந்து வைத்த சோறு விமலேஸ்வரிக்கு இறங்கவில்லை. உண்கிற வீட்டுக்கே பொய் சொல்லுகிறோம் என்று மனம் அறுத்தது. ஆனாலும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஜீப் வந்தது. ஹமீட் வித்தியாதரிசி முல்லைத்தீவுக்காரர்தான். உயரமான ஆள், வெள்ளைக் காற்சட்டை, கறுத்த தொப்பி. பள்ளிக்கூடங்களில் தேநீர் குடிக்கமாட்டார், மாலை போட விடமாட்டார். அந்த வருடம் மட்டும் இரண்டு பள்ளிக்கூடங்களை ஐந்தாம் வகுப்புக்கு இறக்கியவர் என்று பெயர். இறங்கினவுடனேயே வணக்கம் சொன்னவர்களைத் தாண்டி நேரே ஏழாம் வகுப்புக்குள் போய் வாங்கு வாங்காக விரல் நீட்டி எண்ணினார். கடைசி வாங்கின் ஓரத்தில் குனிந்த தலையோடு இராசமலர் இருந்தாள். அவள்மேல் விரல் போய் நின்றதும் "பன்னிரண்டு" என்றார். விமலேஸ்வரி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

விளக்கை ஜெகதீஸ்வரி ஏற்றினாள். காற்றுக்கு இரண்டு தரம் அணைந்தது. தேவாரம் இரண்டாம் அடியிலேயே தடம் மாறி வேறொரு தேவாரத்துக்குள் போய் முடிந்தது. வீரகத்தி வாத்தியார் முகத்தைச் சுளித்தார். வித்தியாதரிசி கண்ணை மூடி மரியாதையாக நின்றார்.

பிறகு கணக்கு. குளத்துத் தண்ணீர் இத்தனை ஏக்கருக்கு இத்தனை நாள் பாய்ந்தால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். பதினொரு பேரும் விரல் மடக்கிக்கொண்டு இருந்தார்கள். விமலேஸ்வரி கண்ணால் காட்டிய எச்சரிக்கையைப் பார்க்காமலோ, பார்த்தும் பொறுக்கமுடியாமலோ இராசமலர் எழும்பினாள். கணீரென்ற குரலில் விடையைச் சொன்னதோடு நிற்காமல் வழியையும் சொன்னாள்.

வீரகத்தி மெதுவாகத் திரும்பி விமலேஸ்வரியைப் பார்த்தார். தொண்டை கட்டின பிள்ளையின் குரல் கொட்டிலுக்கு வெளியே கேட்டது. விமலேஸ்வரி சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தில் ஏதோ ஊரைத் தேடுகிறவள் மாதிரி நின்றாள்.

"நல்லது," என்றார் ஹமீட். "பேர் என்ன?"

"இராசமலர், சேர்."

"இராசமலர், எனக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டுவாங்கோ பாப்பம்."

தண்ணீர் கேட்பது அவருடைய சோதனைகளில் ஒன்று. பானை மூடியிருக்கிறதா, செம்பு கழுவியிருக்கிறதா, பிள்ளை எப்படி நீட்டுகிறாள் என்று எல்லாம் பார்ப்பார். இது விமலேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்துதானே பழக்கினாள். இராசமலர் எழும்பி, ஒரு அடி வைத்து, அப்படியே நின்றுவிட்டாள். தண்ணிப்பானை வாசலோரம் மணலில் இருந்தது. அதே பானையில் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் குடிக்கவேண்டும். விரதகாரரின் பிள்ளைகளும் அதில் உண்டு.

"நான் கொண்டுவாறன் சேர்," என்று விமலேஸ்வரி முந்தினாள்.

"நான் பிள்ளையிட்டை அல்லோ கேட்டனான்."

 இராசமலர் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"சேர், அந்தத் தண்ணி காலமை அள்ளி வைச்சது. சூடாயிருக்கும். வெளியிலை இளநி வைச்சிருக்கினம். வெட்டித் தரச் சொல்லட்டோ?"

கெட்டிக்காரிதான். ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் வித்தியாதரிசியிடமே எங்கள் பானைத் தண்ணீர் நல்லதில்லை என்று பிள்ளை சொல்லும்? ஹமீட் பேனையை எடுத்து எதையோ எழுதினார். மூன்று கிழமையாக மணலும் கரியும் போட்டு வடித்த தண்ணீருக்கு ஒரு குறை விழுந்தது. போனால் போகட்டும் என்று விமலேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

இளநீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு ஹமீட் சொன்னார்: "புத்தகப் பையளைக் கொண்டுவந்து மேசையிலை வையுங்கோ. கொப்பியைப் பாத்தால் வாத்தியாரைத் தெரியும்."

கொப்பிகளைப் பற்றி விமலேஸ்வரிக்குப் பயமில்லை. ஒவ்வொன்றையும் திருத்தி, அட்டை போட்டு, பெயர் எழுதி வைத்திருந்தாள். ஹமீட் ஒவ்வொரு சீலைப் பையையும் எடுத்து மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றிலிருந்து புளியங்கொட்டை விழுந்தது. இன்னொன்றிலிருந்து கவண். வீரகத்தி பக்கத்தில் கைகட்டி நின்றார். ஐந்தாவது பை இராசமலருடையது.

கணக்குக் கொப்பி விழுந்தது. சரித்திரப் புத்தகம் விழுந்தது. பிறகு, பழைய துணியில் சுற்றிய ஒன்று கனமாக விழுந்து மேசையில் அவிழ்ந்தது. ஒரு பாக்குவெட்டி. அதைச் சுற்றி ஒரு கொத்து வேப்பிலை.

 விமலேஸ்வரி எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், இதை மட்டும் யோசிக்கவில்லை. தான் மூலையில் இருந்த காலத்தில் தன்னுடைய தாயும் தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைத்தவள்தானே. அந்த நிலையில் ஒரு பெண்பிள்ளையை இரும்பும் வேப்பிலையும் இல்லாமல் வாசல்படி தாண்ட எந்தத் தாய் விடுவாள்? அன்னபாக்கியம் ஊருக்கு மறைத்தாள், புருஷனுக்கு மறைத்தாள், காத்துக் கறுப்புக்கு மட்டும் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை. பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். இராசமலரின் காதுமடல் வரை சிவந்துபோயிற்று.

ஹமீட் பாக்குவெட்டியைப் பார்த்தார். "இது ஆருடைய சாமான்?"

  விமலேஸ்வரிக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை. இனி வீரகத்தி வாத்தியார் ஒரு அடி பின்னுக்கு வைத்தால் போதும். மேசையை விட்டு அவர் விலகினால் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிடும். துடக்கோடு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஊர் எழும்பும். எட்டாம் வகுப்பு கிடைத்தாலும் அந்தப் பிள்ளை அதில் இருக்கமாட்டாள். மழை பெய்யாவிட்டாலும் அவளால்தான், மாடு செத்தாலும் அவளால்தான்.

வீரகத்தியின் முகத்தில் இரத்தம் இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது. நேற்றைய பேச்சு, கட்டாத தொண்டை, தொடாத தண்ணீர்ப்பானை எல்லாம் ஒன்றாக விளங்கியிருக்கும். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். ஒரு கணம் அது அப்படியே நின்றது. பிறகு கையை நீட்டிப் பாக்குவெட்டியை எடுத்தார். வேப்பிலையையும் சேர்த்தே எடுத்தார்.

"என்ரைதான் சேர். காலமை வரேக்கை கை நிறையச் சாமான். பிள்ளையிட்டைக் குடுத்து வைச்சனான்."

ஹமீட் அவருடைய வாயைப் பார்த்தார். வெற்றிலைக் காவி ஒரு பொட்டுக்கூட இல்லாத வெள்ளைப் பற்கள்.

"வெத்திலை போடுறனீங்களோ, வாத்தியார்?"

"இப்ப விரதம் சேர். வைகாசி கழியத்தான்."

"வேப்பிலை?"

"பல்லு நோவுக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத மனிதருடைய பொய் அப்படித்தான் இருக்கும். விமலேஸ்வரிக்கு அழுகை வந்தது. தான் ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரிந்தது எதற்கு என்று வெட்கமாக இருந்தது.

ஹமீட் இராசமலரை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளுடைய கொப்பியையும் புத்தகங்களையும் தன் கையாலேயே பைக்குள் அடுக்கி, பையின் வாயைச் சுருக்கி அவளிடம் நீட்டினார். "கணக்குக் கொப்பி நல்லாயிருக்கு," என்றார். மற்றப் பைகளை அவர் திறக்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது, "வாற தையிலை புது வகுப்புகள் துவங்கேக்கை எட்டாம் வகுப்பை நடத்துங்கோ. கடிதம் பிறகு வரும். குடிதண்ணி விஷயத்தை மட்டும் கவனியுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மற்ற ஆசிரியர்மார் ஒருவரின் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். வீரகத்தி பள்ளிக் கிணற்றடிக்குப் போய் வேட்டியோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றார்.

விமலேஸ்வரி கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். "தோஞ்சு முழுகினால் போகாதோ சேர்?"

"துடக்குப் போகும். விரதம் போனது போனதுதான்." அவர் வாளியைக் கீழே வைத்தார். "இனி என்ரை தலையிலை மடைப்பண்டம் வைக்க ஏலாது, ரீச்சர். ஊரை ஏமாத்தலாம். அம்மாளைப் பேய்க்காட்ட ஏலுமே?"

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்."

"சொல்லியிருந்தால் மாட்டன் எண்டிருப்பன். பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருப்பன். பதினொரு பேர்தான் இருந்திருப்பினம்." தலைமுடியிலிருந்து வடிந்த தண்ணீரைத் துடைத்தார். "அது தெரிஞ்சுதான் நீங்கள் சொல்லேல்லை. உங்களிலை கோபம் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். கோபம்தான். ஆனால் அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை குனிஞ்சுகொண்டு நிக்கேக்கை, நான் எட்டி நிண்டு என்ரை விரதத்தைக் காப்பாத்தினால் அது என்ன விரதம்?"

 அவர் அந்தப் பாக்குவெட்டியை ஒரு கடதாசியில் சுற்றி அவளிடம் கொடுத்து, உரிய இடத்தில் சேர்க்கச் சொன்னார்.

வியாழக்கிழமை ஐயாத்துரை தங்கச்சியோடு வந்து இறங்கினார். அன்று விடியற்காலையில்தான் பிள்ளை பெரியபிள்ளையானாள் என்று அன்னபாக்கியம் சொல்ல, மாமி தண்ணீர் வார்த்தாள். குரவைச் சத்தம் ஊருக்குக் கேட்டது. அதே நாள் பின்னேரம் வீரகத்தி கோவில்காரரிடம் போய், கொடிகாமத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு, இந்த முறை பண்டம் எடுக்கமுடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எந்தச் சொந்தம், எப்போது செத்தது, தந்தி வந்ததா என்று துருவினார்கள். வாத்தியார் தடுமாறினார். எட்டாம் வகுப்புக் கிடைத்த திமிரில் ஆளுக்கு அம்மாள் சின்னவளாகிவிட்டாள் என்று கதை கிளம்பியது. அதில் மிகச் சத்தமாகப் பேசியவர் ஐயாத்துரை. தன் வீட்டுத் துடக்கால் தான் கோவிலுக்குப் போகமுடியாத கவலை அவருக்கு. அந்த எரிச்சலையும் சேர்த்து வாத்தியார்மேல் கொட்டினார். கூட்டுறவுக் கடை வாசலில் நின்று அவர் பேசியதை விமலேஸ்வரி தன் காதால் கேட்டாள். நாக்கு நுனிவரை வந்த உண்மையை விழுங்கிக்கொண்டு நடந்தாள். ஒருவருடைய பெயரைக் காப்பாற்றப் போனால் ஒரு பிள்ளையின் பெயர் போகும். அந்த நாலு நாளும் அவளுக்கு நரகம்தான்.

திங்கட்கிழமை விடிய அவளுக்குப் பஸ். அடுத்த பள்ளிக்கூடம் வவுனியாப் பக்கம். கோவிலில் பறை முழங்கத் தொடங்கியிருந்தது. சனம் எல்லாம் புதுச் சேலையும் பானையுமாகக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்க, அவள் பெட்டியோடு எதிர்த்திசையில் நடந்தாள். ஐயாத்துரையின் காணியைக் கடக்கும்போது அன்னபாக்கியம் படலையடியில் அவளுக்காகவே காத்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"இவருக்குச் சொல்லிப்போட்டன், ரீச்சர்."

விமலேஸ்வரி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். முந்தநாள் சாப்பிட இருந்துகொண்டும் அந்த மனிசனைத் திட்டினார். என்னாலை கேட்டுக்கொண்டிருக்க ஏலேல்லை. அவர் உங்கடை பிள்ளைக்காகத் துடக்கைக் கையாலை எடுத்தவர், பிள்ளையைத் தையிலை பள்ளிக்கு விடாட்டி அந்தப் பாவம் ஆருடைய தலையிலை எண்டு கேட்டன்."

"அடிச்சவரோ?"

"இல்லை. சோத்துக் கோப்பையைத் தள்ளிவைச்சிட்டு எழும்பினவர்தான். ஒரு சொல்லுப் பேசேல்லை. நேற்று முழுக்கப் பேசேல்லை, சாப்பிடவுமில்லை." அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். குளக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். கோவில் தெரிகிற மேட்டில், கோவிலுக்குப் போகமுடியாத இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் மெலிந்தவர். "இண்டைக்கு விடியப்புறம்தான் வாயைத் திறந்து என்னட்டை ஒண்டு கேட்டார். கேட்டுப்போட்டு, வாத்தியார் தனிய நிக்கப்போறார் எண்டு அங்கை போயிட்டார்."

"என்ன கேட்டவர்?"

"தையிலை பள்ளிக்கூடம் எத்தினையாந் திகதி துவங்குதெண்டு."